காடு யார் கையில்?

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகாத பினாங்குத் தமிழர் அரிது. மலைக்கு நம் முன்னோர் வைத்த பெயரே ஓர் அறிவியல் பாடம். மழையைப் பிடித்து வைத்துத் தண்ணீராகத் தருவது அந்த மலையில் இருக்கும் காடு. இலைகள் மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. சருகும் வேரும் மண்ணைப் பொலபொலவென்று வைத்திருப்பதால் நீர் உள்ளே இறங்கி, பின்பு மெல்ல ஊற்றாகக் கசிகிறது. காட்டை அழித்துவிட்டால் அதே மழை மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் ஓடிவிடும். மழைக்காலத்தில் வெள்ளமும் மண்சரிவும், வெயில்காலத்தில் வறண்ட ஓடையும்தான் மிஞ்சும்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. ஜார்ஜ்டவுன் உயர் நீதிமன்றத்தின் அருகே ஒரு வெண்ணிற நினைவுச்சின்னம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற வழக்கறிஞருக்கு எழுப்பப்பட்டது. பினாங்கில் வாழ்ந்து 1869இல் இங்கேயே மறைந்தவர் அவர். பினாங்கு மலைக்காடுகளை இப்படியே அழித்துக்கொண்டு போனால் தீவின் தட்பவெப்பம் என்னவாகும் என்று 1848இலேயே தாம் நடத்திய ஆய்விதழில் அவர் கட்டுரை எழுதினார். காடு மழையளவை எவ்வளவு மாற்றுகிறது என்பதில் இன்றைய அறிவியல் அவரைவிட நிதானமாகப் பேசுகிறது. ஆனால் மலைக்காடு போனால் நீரும் மண்ணும் போகும் என்ற அடிப்படையில் மாற்றமில்லை.

எச்சரிக்கை வந்துவிட்டது, நடவடிக்கை எப்போது வந்தது? நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி நதானியேல் கான்ட்லி அரசாங்கத்துக்கு அறிக்கை அளித்தது 1883இல். அடுத்த ஆண்டு சார்லஸ் கர்ட்டிஸ் பினாங்கின் காடுகளையும் தோட்டங்களையும் கவனிக்க நியமிக்கப்பட்டார். லோகன் எழுதி அதற்குள் 35 ஆண்டுகள் ஓடிவிட்டன. எழுத அவரிடம் பேனா இருந்தது. உத்தரவிடும் பதவி இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். மனிதன் காட்டை அழிப்பதால் வரும் கேட்டை விளக்கி ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ் 1864இல் நூல் எழுதினார். காடுகளை ஒதுக்கிக் காக்கும் அதிகாரத்தை அதிபருக்குத் தரும் சட்டம் 1891இல்தான் வந்தது. அந்த அதிகாரத்தைத் துணிந்து பயன்படுத்தியவர் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். 1907இல், மேற்கு மாநிலங்கள் ஆறில் புதிய காப்புக்காடுகளை அவர் அறிவிக்க முடியாதபடி நாடாளுமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அதில் கையெழுத்திடும் முன்பே, வனத்துறைத் தலைவர் கிஃபர்ட் பின்ஷோவின் உதவியோடு ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் ஏக்கரைக் காப்புக்காடாக அறிவித்துவிட்டார் ரூஸ்வெல்ட். அது பினாங்குத் தீவைப்போல் 200 மடங்குக்கும் மேல்!

அறிவியல் காரணத்தைச் சொல்லும். காட்டைக் காப்பது கையெழுத்து. நம் பாடநூல்களில் நீர்ச் சுழற்சி இருக்கிறது. அந்தக் கையெழுத்து யாருடையது என்பதையும் மாணவர்கள் கற்க வேண்டும் என்பதே என் கருத்து.

மலேசியாவில் நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளவை. ஒரு காட்டை நிரந்தர வனக் காப்பகமாக அறிவிப்பது மாநில அரசு. அந்தத் தகுதியை நீக்கவும் அதனால் முடியும். நீக்கும் முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும், மாற்று நிலம் ஒதுக்க வேண்டும் என்று 2022இல் நாடாளுமன்றம் தேசிய வனச் சட்டத்தைத் திருத்தியது. அதை ஏற்று நடைமுறைப்படுத்துவதும் மாநிலங்களின் பொறுப்புதான்.

மேம்பாட்டுக்கு நிலம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். வீடும் வேலையும் இல்லாமல் யாரும் வாழ முடியாது. ஆனால் எந்த நிலம் என்பதை மக்கள் அறிய முடிவு செய்ய வேண்டும். 1990இல் கொடிமலையில் பெரிய சுற்றுலாத் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டபோது, பினாங்கு மக்கள் அமைப்புகளாகத் திரண்டு, திட்டத்தைப் படித்து, அறிவியல் காரணங்களோடு எதிர்த்தார்கள். மறு ஆண்டு மாநில அரசு அதை நிராகரித்தது. அந்த மலையும் அதைச் சுற்றிய காடுகளும் 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயின. மக்கள் கேட்டதால் கிடைத்த கையெழுத்து அது.

வேலை இன்னும் முடியவில்லை. நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆற்றுக்கு நீர் தரும் உலு மூடா காடு கெடா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே மரம் வெட்டலாமா கூடாதா என்பதை முடிவு செய்வது கெடா அரசு. அங்கே பினாங்கு மக்களுக்கு ஓட்டு இல்லை. ஆகவே இரு மாநிலங்களும் மத்திய அரசும் உட்கார்ந்து பேசியே தீர வேண்டும். பேச வைப்பது மக்களின் கேள்விதான்.

படிவம் 4, 5இல் படிக்கும் நீங்கள் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் 18 வயதை எட்டி வாக்காளர் ஆவீர்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் யார், உங்களுக்கு அருகிலுள்ள மலைச்சரிவு வனக் காப்பகமா, தனியார் நிலமா என்று தெரிந்துகொள்ளுங்கள். அறிவியல் கழகத்தின் பெயரில் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். லோகனின் கட்டுரைக்கு 35 ஆண்டுகள் ஆயின. உங்கள் கடிதத்துக்கு அவ்வளவு காலம் காத்திருக்க நம் மலைகளால் முடியாது.