எல்லைக்கு அப்பால் உழைப்பு, இல்லத்திலே மழலை

வெளிநாட்டு வாழ்க்கை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கப்பலும் வானூர்தியும், கண்ணீர் மல்க வழியனுப்பும் உற்றாரும், திங்கள்தோறும் வந்து சேரும் மடலும் பணமுமே ஆகும். நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்த வரலாறும் அத்தகையதே. ஆயின், ஸ்கூடாய் வட்டாரத்தில் வாழும் நமக்கு வேறொரு வகை வெளிநாட்டு வாழ்க்கை பழகிப்போயிருக்கிறது. இரவு தம் வீட்டிலேயே உறங்கி, பொழுது புலருமுன் எழுந்து, கடப்பிதழைக் காட்டி மற்றொரு நாட்டிற்குள் நுழைந்து, பகல் முழுதும் அங்கே உழைத்து, இருட்டிய பின்னர் வீடு திரும்பும் வாழ்க்கையே அது. அவ்வாறு உழைக்கும் பெற்றோரின் இல்லத்தில் வளரும் சிறு குழந்தையைப் பற்றிச் சில கருத்துகளை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகிறேன்.

ஜொகூர் கடற்பாலம் 1924ஆம் ஆண்டு முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே உடைய அப்பாலத்தை அக்காலத்தவர் அடுத்த ஊருக்குப் போவது போலக் கடந்து சென்றனர். 1965ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9ஆம் நாள் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. 1967இல் கடப்பிதழ்ச் சோதனை நடைமுறைக்கு வந்தது. 1973 வரையில் இரு நாட்டு வெள்ளியும் சம மதிப்புடன் மாற்றிக்கொள்ளத் தக்கவையாக இருந்தன. அண்மை ஆண்டுகளிலோ ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கிடைக்கலாயிற்று. 1998இல் தஞ்சோங் கூப்பாங்கையும் துவாசையும் இணைக்கும் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. அதனால் துவாஸ் தொழிற்பேட்டை ஸ்கூடாய்க்கு அணித்தாயிற்று. இன்று கடற்பாலத்தின் வழியாக மட்டும் நாள்தோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் போய் வருகின்றனர். அவர்களுள் நம் பள்ளிப் பிள்ளைகளின் தாய் தந்தையரும் இருக்கின்றனர்.

இவர்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று பழிப்போர் உண்டு. அப்பழிச்சொல் அறியாமையால் எழுவது. வீட்டுக் கடனும், மூத்தோரின் மருத்துவச் செலவும், பிள்ளைகளின் மேற்படிப்பும் கண்முன் நிற்க, ஒரே உழைப்புக்கு அக்கரையில் மும்மடங்கு மதிப்புக் கிடைக்கும்போது அங்குச் செல்லாதே என்று யார் சொல்ல இயலும்? மழையிலும் மோட்டார் சைக்கிளில் வரிசை பிடித்து நின்று எல்லை கடப்பவர் எவரும் இன்பம் நாடிச் செல்பவரல்லர். குழந்தைக்காகவே உழைக்கிறோம் என்று அவர்கள் கூறுவது முற்றிலும் உண்மை. எனினும், குழந்தைக்காக உழைப்பது வேறு, குழந்தையோடு இருப்பது வேறு. முன்னதை எண்ணிப் பின்னதை மறந்துவிடலாகாது என்பதே என் கருத்து.

நம் தீபகற்பத்தின் கடிகாரம் 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. ஆகவே இங்குக் கதிரவன் எழும்போது மணி ஏழாகிவிடுகிறது. அக்கரையில் காலை ஏழு அல்லது எட்டு மணிக்கு வேலை தொடங்குவோர் நான்கரைக்கும் ஐந்துக்கும் வீட்டை விட்டுப் புறப்பட்டாக வேண்டும். அப்பொழுது குழந்தை உறங்கிக்கொண்டிருக்கும். மிகைநேர வேலையும் முடித்து, குடிநுழைவுச் சாவடியின் நெரிசலையும் தாண்டி அவர்கள் வீடு சேரும்போதும் குழந்தை உறங்கியிருக்கும். தந்தை குழந்தையின் முகத்தைக் காண்கிறார். குழந்தையோ தந்தையின் குரலைக் கேட்பதில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை இப்படியே கழியுமாயின், ஆண்டின் பெரும் பகுதி பேச்சின்றிக் கழிந்துவிடுகிறது.

விடியுமுன் பெற்றோர் வேலைக்குச் செல்வது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று என்று சிலர் கூறக்கூடும். அது மெய்யே. இரப்பர்ப் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்கு வடியும். ஆதலால் நம் பாட்டன் பாட்டியர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருள் பிரியுமுன் மரம் வெட்டச் சென்றனர். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் விடப்பட்டன. ஏழைமையும் நோயும் நிறைந்த அவ்வாழ்க்கையை நான் புகழ்ந்துரைக்க வரவில்லை. ஆயினும் அதில் இரண்டு நன்மைகள் இருந்தன. தாய் வேலை செய்யும் காடு கொட்டகைக்கு எட்டிய தொலைவிலே இருந்தது. பால் நிறுத்து முடிந்ததும் அவள் பிள்ளையிடம் திரும்பினாள். அவள் இல்லாத நேரத்திலும் கொட்டகையின் ஆயா, லயத்து வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி, எதிர்வீட்டு அக்காள் ஆகிய அனைவரும் குழந்தையோடு தமிழிலேயே பேசினர். பிள்ளை வளர்ப்பு ஒரு லயமே கூடிச் செய்யும் பணியாக இருந்தது.

அத்தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. முத்தியாரா ரினி என்னும் குடியிருப்பின் பெயரில் மட்டும் பழைய ரினி தோட்டத்தின் பெயர் நிலைத்து நிற்கிறது. லயம் போயிற்று, இரும்புக் கதவு இட்ட வரிசை வீடு வந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள முதிர்ந்த பாட்டியோ, திங்கள் கட்டணம் பெறும் பராமரிப்பாளரோ இருக்கிறார். அவர் சமையலும் துணி துவைத்தலும் முடிக்கும் வரை குழந்தையின் கையில் கைப்பேசி கொடுக்கப்படுகிறது. அது அழுகையை நிறுத்துகிறது. ஆனால் அது குழந்தையிடம் கேள்வி கேட்பதில்லை. குழந்தை கேட்கும் கேள்விக்கு விடையும் தருவதில்லை.

மொழி என்பது காதால் மட்டும் கற்கப்படுவதன்று. குழந்தை ஒன்றைச் சுட்டுகிறது; தாய் அதற்குப் பெயர் சொல்கிறாள்; குழந்தை அதைத் திரித்துச் சொல்கிறது; தாய் சிரித்துத் திருத்துகிறாள். நாளொன்றுக்கு எத்தனையோ முறை நிகழும் இக்கொடுக்கல் வாங்கலே பேச்சாக மலர்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில், இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை காட்டுவதே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரையில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்றும் அறிவுறுத்தியது. அவ்வறிவுரையின் உட்பொருள், குழந்தைக்குப் பேச்சுத் துணையும் ஓடியாடும் விளையாட்டும் வேண்டும் என்பதே.

மழலை கேளாதவர்களே குழலையும் யாழையும் இனியவை என்பர் என்று வள்ளுவப் பெருந்தகை மக்கட்பேறு அதிகாரத்தில் மொழிந்தார். பிள்ளைப் பேறு வாய்த்தும் அம்மழலையைக் கேட்க நேரம் வாய்க்காத பெற்றோர் நம்மிடையே உள்ளனர். இஃது அவர்களுக்கு நேர்ந்த இழப்பு மட்டுமன்று. கேட்பாரற்ற மழலை செழித்து வளர்வது அரிது. முதலாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் பிள்ளை, தன் தேவையைச் சொல்லால் கூறாது விரலால் சுட்டி நிற்குமாயின், ஏழாண்டுப் பேச்சை ஓராண்டில் ஊட்ட எந்த ஆசிரியரால் இயலும்? தமிழ்ப்பள்ளி எழுத்தறிவைத் தரும், இலக்கணத்தைத் தரும். பேச்சுக்கு வித்திட வேண்டியது வீடே.

எல்லை என்பது எத்துணை வலியது என்பதை 2020ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. அன்றாடம் போய் வந்தோர் அக்கரையிலே தங்குவதா, இக்கரையிலே வேலையை இழப்பதா என்று ஓரிரு நாளில் முடிவெடுக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் ஏற்படுத்தப்பட்ட ஒரு திட்டத்தின்படியும் குறைந்தது 90 நாள் வேலை செய்த பின்னரே விடுப்பில் வீடு வர முடிந்தது. 2021 நவம்பர் இறுதியில் தடுப்பூசி செலுத்திக்கொண்டோர்க்குத் தரைவழி ஓரளவு திறந்தது. 2022 ஏப்பிரல் முதல் நாளன்றே பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. அக்காலத்தில் கைக்குழந்தையாய் இருந்த பிள்ளைகள் சிலர், தந்தையைக் கைப்பேசித் திரையிலேயே கண்டு நடக்கவும் பேசவும் தொடங்கினர். குறுகிய நீர்ப்பரப்பு, குடும்பத்தைப் பொறுத்தவரையில் பெருங்கடலாகிவிடக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

சட்டத்திலும் இவ்வெல்லை குறுக்கே நிற்கிறது. சிங்கப்பூரில் வேலை செய்வோர்க்கு, ஏழு வயது நிரம்பாத குழந்தையைக் கவனித்துக்கொள்ள ஆண்டுதோறும் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. குழந்தை அந்நாட்டுக் குடியுரிமை பெற்றதாயின் ஆறு நாள். பிற நாட்டுக் குழந்தையாயின் இரண்டு நாளே. ஸ்கூடாயில் காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு ஆண்டில் இரண்டு நாளே கணக்கு. சட்டம் வகுத்தோரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அக்குறையை நிரப்ப வேண்டிய பொறுப்பு நம் குடும்பத்திற்கும் நம் சமுதாயத்திற்கும் உரியது என்பதையே சுட்டுகிறேன்.

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வடக்கையும் இணைக்க நான்கு கிலோமீட்டர் தொடர்வண்டிப் பாதை திட்டமிடப்பட்டபோது, இனி எல்லாம் எளிதாகிவிடும் என்று பலர் மகிழ்ந்தனர். எல்லை கடக்கும் நேரம் குறையுமாயின் அது நன்றே. ஆனால் மிச்சமாகும் ஒரு மணி நேரம் யாருக்கு உரியது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாவிடில், அது மிகைநேர வேலைக்கே போய்ச் சேரும். நேரம் தானாகக் குழந்தையிடம் வந்து சேர்வதில்லை. பெற்றோர்தாம் அதனைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? முதலாவதாக, பெற்றோர் இருவரும் எல்லை கடக்கும் குடும்பங்கள் ஒரு முறை பொறுமையுடன் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். அக்கரை ஊதியத்திலிருந்து பேருந்து அல்லது எண்ணெய்ச் செலவு, வெளியுணவுச் செலவு, பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்த பின் எஞ்சுவது எவ்வளவு? அதற்கும் இக்கரையில் கிடைக்கக்கூடிய ஊதியத்திற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு? குடும்பம் தாங்குமாயின், குழந்தை முதலாம் ஆண்டில் சேரும் வரையிலாவது ஒருவர் இக்கரையிலே வேலை செய்வது நன்று. அவர் தாயாகத்தான் இருக்க வேண்டும் என்னும் விதியில்லை. யார் ஊதியம் குறைவோ, யார் வேலையை மாற்றிக்கொள்ள இயலுமோ, அவரே இருக்கலாம்.

தாங்காத குடும்பங்களும் உண்டு. தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாய்மாரும் உண்டு. அவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. பேருந்தில் அமர்ந்திருக்கும் நேரத்தில், குழந்தை பள்ளிக்குப் புறப்படும் வேளையில், நாள்தோறும் தவறாது பத்து நிமிடம் தொலைபேசியில் பேசலாம். "சாப்பிட்டாயா?" என்பதோடு நிறுத்திவிடாமல், "என்ன சாப்பிட்டாய்? யார் ஊட்டினார்கள்? பூனை வந்ததா?" என்று குழந்தை விரித்துச் சொல்லும்படி கேட்டல் நன்று. ஞாயிற்றுக்கிழமையன்று கடைத்தொகுதிக்குச் சென்று விளையாட்டுப் பொருள் வாங்கித் தருவதைவிட, வீட்டிலே குழந்தையை அருகில் அமர்த்திக்கொண்டு வெங்காயம் உரிப்பதும் கீரை ஆய்வதும் மேலானவை. அங்கே சொற்கள் பிறக்கின்றன. வீட்டில் தாத்தா பாட்டி இருப்பின் அவர்களைக் காவலாளராக மட்டும் கருதாது, குழந்தையின் முதல் ஆசிரியராக மதித்து, கதை சொல்ல அவர்களுக்கு ஓய்வும் ஊக்கமும் தருதல் வேண்டும்.

பள்ளியும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஆற்ற வேண்டிய பணியும் ஒன்றுண்டு. வார நாள் காலையில் கூட்டம் கூட்டிவிட்டு, வாராத பெற்றோரைப் பொறுப்பற்றவர் என்று கருதுவது முறையாகாது. தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளையும் ஆலோசனைக் கூட்டத்தையும் இயன்ற வரை வார இறுதியில் வைத்தல் வேண்டும். பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மாலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வட்டாரத்து மூத்தோரும் கதை சொல்லும் வகுப்பு ஒன்றை நடத்தலாம். அதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை; ஒரு பாயும் மனமும் போதும். ஒரே வரிசையில் வாழும் நம்மவர்களும், பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் நின்று நாலு வார்த்தை பேசும் பழைய வழக்கத்தைப் புதுப்பித்தல் வேண்டும். லயம் மறைந்தது, லயத்தின் பண்பு மறைய வேண்டியதில்லை.

அன்புப் பெற்றோர்களே! தாங்கள் ஈட்டும் பொருள் பிள்ளையின் நாளைய வாழ்வுக்கு அரணாகும் என்பதில் ஐயமில்லை. ஆயின் குழந்தைப் பருவம் நாளை வரை காத்திருப்பதில்லை. வீட்டுக் கடனைப் பிற்பகுதியில் அடைக்கலாம். பழுதான கூரையை அடுத்த ஆண்டு மாற்றலாம். மூன்று வயது மழலையை முப்பது வயதில் கேட்க இயலாது. அக்கரைக்குச் செல்லும் கால்கள் செல்லட்டும். நாளின் ஒரு சிறு பகுதியையேனும் குழந்தைக்கென ஒதுக்கி, அதன் பேச்சைக் கேட்டு, நம் மொழியில் மறுமொழி கூறுவோம். அப்பிள்ளை நாளை இப்பள்ளியின் வாயிலில் வாய் நிறையத் தமிழ் பேசிக்கொண்டு வந்து நிற்கும்.