கிடப்பில் போடக் கூடாத வயிற்றுவலி

"கொரோனா காலத்துல கத்தியே வைக்காம மருந்துலயே அப்பெண்டிசைடிஸை சரி பண்ணாங்களே சார்! அப்படின்னா அதுக்கு முன்னாடி செஞ்ச ஆபரேஷன் எல்லாம் காசு புடுங்கத்தானே?"

காலை நடையில், கல்யாணப் பந்தியில், ஓய்வூதியர் கூட்டத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. இதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் எனக்குப் பயம். முழுப் பொய்யாக இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை, அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது கோப்பு. ஒரு கோப்பைத் தேதி போட்டு நிறுத்தி வைப்பது வேறு, கிடப்பில் போடுவது வேறு. நிறுத்தி வைத்த கோப்புக்குப் பதிவேட்டில் குறிப்பு இருக்கும். இன்ன தேதியில் எடுத்துப் பார்க்க வேண்டும், இன்னார் பொறுப்பு என்று எழுதியிருக்கும். கிடப்பில் போட்டது கட்டோடு அலமாரி மேல் ஏறிவிடும். வெளியே காத்திருக்கும் மனுதாரருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கொரோனா காலத்துக் குடல்வால் வைத்தியத்திலும் இந்த இரண்டும் நடந்தன. நம் ஜனங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

முதலில் நிறுத்தி வைத்ததைப் பார்ப்போம். 2020 மார்ச்சில் இங்கிலாந்தின் அறுவை மருத்துவக் கல்லூரிகள் சேர்ந்து, முடிந்த இடத்தில் ஆபரேஷன் இல்லாமல் பாருங்கள் என்று டாக்டர்களுக்கு ஆலோசனை கூறின. அது வெறும் பயத்தில் சொன்னதல்ல. பின்லாந்தில் 530 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு ஏற்கெனவே நடந்து, 2015-இல் வெளிவந்திருந்தது. ஆன்டிபயாடிக் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. ஐந்து வருடத்தில் அது 39 ஆனது. 2020 அக்டோபரில் வந்த அமெரிக்க ஆய்வில் 1552 பேர். மருந்து பெற்றவர்களில் பத்துக்கு மூன்று பேர் 90 நாளுக்குள் கத்திக்குப் போனார்கள். குடல்வாலில் கல் போன்ற அடைப்பு இருந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர். ஆகவே பாதிக்கு மேற்பட்டவர்கள் மருந்திலேயே தப்பினார்கள் என்பது மெய். அதை நான் மறுக்கவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே பழைய ஆட்கள் இந்த நோயை 'அப்பாந்திசீத்' என்பார்கள். பாரிஸ் மருத்துவர் தியலாஃபுவா, இதற்கு மருந்து வைத்தியமே கிடையாது, கத்திதான் என்று நூறு வருடத்துக்கு முன்பே அடித்துச் சொன்னவர். அவர் காலத்தில் ஆன்டிபயாடிக் இல்லை. இன்று இருக்கிறது. அதனால் அவரையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை.

ஆனால் பின்லாந்தில் என்ன செய்தார்கள் என்று முழுவதும் படியுங்கள். முதலில் சி.டி. ஸ்கேன். குடல்வால் ஓட்டையாகவில்லை, சீழ்கட்டி இல்லை, அடைப்புக் கல் இல்லை என்று பார்த்துத்தான் ஆட்களைச் சேர்த்தார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசி வழியே மருந்து. பிறகு ஏழு நாள் மாத்திரை. நிலைமை மோசமானால் உடனே ஆபரேஷன். இன்னொன்று, அந்த ஆய்வில் சேர்த்தவர்களின் வயது 18 முதல் 60 வரை. இதைப் படிக்கும் நம்மில் பலருக்கு அந்த ஆய்வில் இடமே கிடையாது!

இப்போது கிடப்பில் போட்டதைப் பார்ப்போம். 2020 ஜூன். சென்னையிலும் நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் பல பகுதிகளிலும் 19 முதல் 30 வரை முழு ஊரடங்கு. மாவட்டம் பிறந்தே ஏழு மாதம் ஆகவில்லை. என் மைத்துனருக்கு வயது 62. தொப்புளைச் சுற்றி வலி, சோறு இறங்கவில்லை, லேசான காய்ச்சல். "வெறும் வாயு மாமா, ஓமத் தண்ணி குடிச்சா போயிடும்" என்று போனில் சொன்னார். உண்மைக் காரணம் வேறு. காய்ச்சல் என்று வாயைத் திறந்தால் வீட்டுக்குத் தகரம் அடித்துவிடுவார்கள் என்ற பயம். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி ஒரு நாளை ஓட்டினார். வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியதும் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். கொரோனா ரிசல்ட் வந்தால்தான் உள்ளே என்றார்கள். ரிசல்ட் வர இரண்டு நாள். நடுவில் வலி திடீரென்று குறைந்தது. எல்லோரும் நிம்மதியானார்கள். குடல்வால் வெடித்ததால் வந்த நிம்மதி அது. வேறோர் இடத்தில் வயிற்றைத் திறந்து சீழைக் கழுவினார்கள். மூன்று வாரம் கழித்து உயிரோடு வீடு திரும்பினார். இதையும் சிலர், "அப்போ மருந்து கொடுத்துத்தானே பார்த்தாங்க" என்கிறார்கள். இது வைத்தியமா? ஸ்கேன் இல்லை, டாக்டர் பார்வை இல்லை, திரும்பி வரும் தேதி இல்லை.

"பெருந்தொற்று நேரத்தில் வேறென்ன செய்ய முடியும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். 1961 ஏப்ரல் கடைசியில், அண்டார்டிகாவின் சோவியத் முகாமில் லியோனிட் ரோகோசோவ் என்ற 27 வயது டாக்டருக்குக் குடல்வால் அழற்சி. அங்கே இருந்த ஒரே டாக்டர் அவர்தான். ஆன்டிபயாடிக் போட்டுப் பார்த்தார். கேட்கவில்லை. வெளியே பனிப்புயல், விமானம் வர வழியில்லை. மறுநாள் இரவே, மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு, தன் வயிற்றைத் தானே அறுத்துக் குடல்வாலை எடுத்துப் பிழைத்தார். மருந்து கொடுத்தார், கவனித்தார், கேட்கவில்லை என்றதும் தாமதிக்கவில்லை. நமக்குப் பனிப்புயல் எதுவும் இல்லை. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு முப்பது கிலோமீட்டர் சுமார். அங்கே 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குறுக்கே நின்றவை பயமும் காகிதமும்தான்.

அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. 2021 மே முதல் வாரத்தில் அதே செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒரே இரவில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்த செய்தியைப் படித்தவர்கள் நாம். டாக்டர்களும் நர்சுகளும் அன்று தூக்கமில்லாமல் உழைத்தார்கள். அதனால்தான் அடுத்த தொற்று வருவதற்கு முன்பே இதைக் கேட்க வேண்டும் என்கிறேன்.

மாவட்டத்துக்கு ஓர் ஆபரேஷன் தியேட்டராவது தொற்றில்லாத அவசர நோய்களுக்கென்று ஒதுக்கியே இருக்க வேண்டும். தொற்றுச் சோதனை வைத்தியத்தோடு கூடவே நடக்க வேண்டும், வாசலில் தடுப்பாக நிற்கக் கூடாது. மருந்து கொடுத்து அனுப்பினால் சீட்டில் மூன்று விஷயம் எழுதியாக வேண்டும்: ஸ்கேனில் என்ன தெரிந்தது, எந்தத் தேதியில் திரும்ப வர வேண்டும், இரவில் வலி கூடினால் யாரைக் கூப்பிட வேண்டும். ஒரு குமாஸ்தா தன் பதிவேட்டில் எழுதுவதை ஓர் ஆஸ்பத்திரி எழுத முடியாதா?

நம் வீட்டுக்கும் ஒரு விதி வேண்டும். வயதானவர்களுக்கு இந்த நோயில் வலியும் காய்ச்சலும் மட்டாகவே தெரியும், வெடிப்பது அதிகம். தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கும் வலியோ, சோறு வேண்டாம் என்ற வெறுப்போடு வரும் வயிற்றுவலியோ வந்தால் விளக்கெண்ணெயும் வேண்டாம், பேதி மாத்திரையும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். வாயுவா இல்லையா என்பதை ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லட்டும்.