வரி நோட்டில் மகள் பெயர்

தை பிறந்ததிலிருந்து வீட்டில் பயணப் பெட்டியைப் பரண் மேல் ஏற்றவே இல்லை. மார்கழியில் நிறுத்தி வைத்திருந்த கல்யாணங்கள் எல்லாம் தையில் வரிசைகட்டி வந்தன. அது ஓய்ந்தால் மாசியில் சிவராத்திரி. பிறகு மகனுக்குப் பொதுத்தேர்வு. தேர்வு முடிந்த கையோடு பங்குனி உத்திரம். இதற்கு நடுவில் கீழ்வீட்டு பாய் கொடுத்தனுப்பிய நோன்புக் கஞ்சியும், எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காவின் தவக்கால மௌனமும் உண்டு. இந்தப் பத்தி சில வாரம் ஏன் வரவில்லை என்று விசாரித்தவர்களுக்கு மொத்தமாக இதுதான் பதில்.

கல்யாணங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. போனோம், மொய் எழுதினோம், சாப்பிடும்போது வாய்க்கு நேரே கேமராவை நீட்டியவரைச் சகித்துக்கொண்டு சாப்பிட்டு வந்தோம். சொல்ல வேண்டியது சாமி விஷயம்.

எனக்கு இரண்டு குலசாமி. புகுந்த வீடு மதுரைக்கு மேற்கே. அங்கே மாசி சிவராத்திரிதான் குலதெய்வத்துக்கு நாள். சாமியின் உடைமைகள் இருக்கும் பெட்டியைத் தலையில் சுமந்து கோயிலுக்கு வருவார்கள். ராத்திரி முழுக்க யாரும் தூங்குவதில்லை. பிறந்த வீடு சாத்தான்குளம் பக்கம். திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையில் சாஸ்தாவுக்கு நாள் பங்குனி உத்திரம். பழனிக்குக் காவடி போகும் அதே நாளில் எங்கள் ஊர்க்காரர்கள் தேரிக்காட்டுக்கும் மலையடிவாரத்துக்கும் குளக்கரைக்கும் பிரிந்து போவார்கள். கற்குவேல் அய்யனார், அருஞ்சுனை காத்த அய்யனார் என்று ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒரு சாஸ்தா. எந்த சாஸ்தா என்று மறந்து போனவர்கள், பாபநாசத்துக்கு மேலே புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிட்டால் போதும் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

சென்னையில் இருந்துகொண்டு இந்த நாளைப் பிடிப்பது லேசில்லை. உத்திர நட்சத்திரம் ஆங்கிலத் தேதிக்குக் கட்டுப்படாது. காலண்டர் வந்ததும் பங்குனி மாதத்தைத்தான் முதலில் புரட்டுவோம். ரயிலில் முன்பு 120 நாளைக்கு முன்னாலேயே டிக்கெட் எடுத்துவிடலாம். 2024 நவம்பர் முதல் அது 60 நாளாகிவிட்டது. அறுபதாம் நாள் காலை குடும்பமே ஆளுக்கொரு செல்போனோடு உட்கார்ந்தும், நெல்லை எக்ஸ்பிரஸில் காத்திருப்போர் பட்டியல்தான் கிடைத்தது. கடைசியில் தட்கலில் இரண்டு பேருக்கும், பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் அமைந்தது. ஊரில் போய்ச் சேர்ந்துகொண்டோம்.

எங்கள் சாஸ்தா தேரியில் இருக்கிறார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்மண் மேடு, நடுவில் பனையும் கொல்லாமரமும். பத்து மணிக்கு மேல் அந்த மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அதனால் விடியுமுன்பே அடுப்பு மூட்டிவிட வேண்டும். மேல்மணலைக் காலால் ஒதுக்கி, மூன்று செங்கல்லை நிறுத்தி, பனமட்டையைச் செருகிப் பற்றவைத்தார் அத்தை. எண்பதை நெருங்கிவிட்டார். குனிந்து ஊத முடியவில்லை, ஆனால் அதிகாரம் குறையவில்லை. பால் பொங்கியதும் குலவை போட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "கெழக்க பொங்குச்சா, மேக்க பொங்குச்சா?" கிழக்கேதான். அந்த ஒரு பதிலில் அவருக்கு இந்த வருஷம் கடன், கவலை எல்லாம் தீர்ந்துவிட்டது. சாஸ்தாவுக்குச் சர்க்கரைப் பொங்கல், சைவ சாமி. வெளியே நிற்கும் சுடலைக்குக் கிடா உண்டு. அதை வெட்டும்போது சாஸ்தாவின் சன்னதிக்குத் திரை போட்டுவிடுவார்கள். சென்னையில் பிறந்த என் மகன் பட்டையில் பதநீர் குடிக்கக் கற்றுக்கொண்டு, பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான்.

பந்தலுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியப்பா வரி நோட்டோடு உட்கார்ந்திருந்தார். கொடை என்கிற கோயில் திருவிழாவுக்கும் பூசைக்கும் வெள்ளையடிப்புக்கும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. நோட்டைப் புரட்டியபோது என் சித்தப்பா பெயரைப் பார்த்தேன். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. போன வருஷம் தவறிப்போனார். அவருக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். எனவே அந்தத் தலைக்கட்டு முடிந்தது. அந்த இரண்டு பெண்களும் அப்போது பத்தடி தள்ளிப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார்கள்.

"பெரியப்பா, சித்தப்பா வரியை அவங்க ரெண்டு பேரும் கட்டட்டுமே. எனக்கும் சேத்து எழுதுங்க" என்றேன்.

"ஏளா, பொம்பளப் பிள்ளைக்கி வரி கெடையாதுல்லா. நன்கொடைன்னு வேணும்னா எழுதுதேன். வாக்கப்பட்ட எடத்துல ஒங்களுக்குச் சாமி இல்லியா?"

அவர் மனதில் வஞ்சகம் இல்லை. மகள்களுக்குச் செலவு வைக்கக் கூடாது என்றுகூட நினைத்திருப்பார். ஆனால் நன்கொடைக்கும் வரிக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நன்கொடை கொடுத்தவருக்கு ரசீது. வரி கொடுத்தவருக்குக் கூட்டத்தில் பேச்சு, கணக்குக் கேட்கும் உரிமை, நோட்டீஸில் வரிதாரர் என்று பெயர். பணம் இரண்டிலும் ஒன்றுதான்.

பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்தது. அதற்கு முன்பே மணமான பெண்களை மட்டும் அது விட்டுவிட்டது. 2005-ல் மத்தியச் சட்டமே திருந்தியது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது பொருட்டில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் மகள் கையெழுத்து இல்லாமல் காரியம் நடக்காத காலம் இது. கோயில் நோட்டு மட்டும் இன்னும் அந்த 1989-க்கு முன்னால் நிற்கிறது.

"ரெண்டு எடத்துல ஒருத்தி வரி கொடுத்தா எந்த சாமிக்குச் சொந்தம்?" என்று அண்ணன் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் இரண்டு இடத்திலும் அடுப்பு மூட்டுகிறோம், இரண்டு இடத்துக்கும் பஸ் பிடிக்கிறோம். மகன்கள் துபாயிலும் பெங்களூரிலும் இருக்க, அமாவாசைக்கு அமாவாசை எங்கள் கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுப்பது உள்ளூரில் வாழ்க்கைப்பட்ட ஒரு மகள். உழைப்பை இரண்டு சாமியும் தடையில்லாமல் ஏற்கும்போது வரியை மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

பக்தி எனக்குக் குறைவுதான், ஒளிக்கவில்லை. ஆனால் சிதறிப்போன ஒரு குடும்பத்தை வருஷத்தில் ஒரு நாள் ஒரே மணலில் நிற்க வைக்கும் ஏற்பாடு நமக்கு இதைவிட வேறு இல்லை. இப்போது ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளையோடு எல்லாரும் நிறுத்திக்கொள்கிறோம். பெண்ணை மட்டுமே பெற்ற வீடுகளை எல்லாம் கோடு போட்டு அடித்துக்கொண்டே போனால், இன்னும் இரண்டு தலைமுறையில் நோட்டில் கோடுதான் மிஞ்சும். சாஸ்தாவுக்குப் பொங்கலிட ஆள் மிஞ்சாது.

பெரியப்பா நோட்டை மூடி வைத்தார். "கொடைக் கூட்டத்துல பேசுவோம்" என்றார். மறுக்கவில்லை என்பதே பெரிய விஷயம். உங்கள் வகையறாவிலும் கொடைக்கு முன்னால் கூட்டம் போடுவார்கள். நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்குள் மகள்கள் பெயரையும் வரிதாரராக எழுதச் சொல்லுங்கள். வரிப் பணத்தைக் கொடுக்க நாங்கள் தயார்.