மின்சாரச் சரக்கு வண்டி யாருக்குக் கட்டுபடியாகும்?

சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் சிறு சரக்கு வண்டிகளில் மின்சாரத்தில் ஓடுபவையும் வந்துவிட்டன. எண்ணெய்ச் செலவு இல்லை என்று கேள்விப்பட்டு, கடன் வாங்கியாவது சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாமா என்று சிறு விவசாயிகள் சிலர் எண்ணுகின்றனர். முன்பணம் கட்டும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

டாட்டா ஏஸ் புரோ வண்டியை எடுத்துக்கொள்வோம். 2025 ஜூனில் அறிமுகமானபோது இதன் பெட்ரோல் வகையின் ஆரம்ப விலை ரூ.3.99 லட்சம், மின்சார வகை ரூ.6.50 லட்சம். வித்தியாசம் இரண்டரை லட்சம். அவ்வாண்டு செப்டம்பரில் பெட்ரோல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. மின்சார வண்டிக்கு முன்பே 5 சதவீதம்தான் என்பதால் அந்தச் சலுகை அதற்கு இல்லை.

இனி ஓட்டச் செலவு. மின்சார வகையின் பாட்டரி 14.4 யூனிட் கொள்ளும். 155 கிலோமீட்டர் ஓடும் என்பது கம்பெனி கணக்கு. பாரத்தோடு கிராமச் சாலையில் 100 என்று வைத்துக்கொள்வதே பத்திரம். சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 16 யூனிட், யூனிட் 9 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்குச் சுமார் ஒன்றரை ரூபாய். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்றால் ஐந்தரை ரூபாய். மிச்சம் 4 ரூபாய்.

வாரம் மூன்று நாள் உழவர் சந்தைக்குப் போய்வர 30 கிலோமீட்டர் ஓட்டும் விவசாயி ஆண்டுக்கு 4,500 கிலோமீட்டர்தான் ஓட்டுவார். மிச்சம் 18,000 ரூபாய். அதிகம் கொடுத்த இரண்டரை லட்சத்துக்கு 10 சதவீத வட்டியே 25,000 ரூபாய்! அசல் எப்போது அடைவது? தினமும் 80 கிலோமீட்டர் வாடகைக்கு ஓட்டுபவருக்கோ 300 நாளில் 96,000 ரூபாய் மிஞ்சும். இந்த வண்டி ஓடினால்தான் லாபம் தரும். கொட்டகையில் நின்றால் வட்டிதான் ஏறும்.

ஆகவே தனியாக வாங்குவதைவிட ஐந்தாறு பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் மூலமோ வாங்குவதே புத்திசாலித்தனம். வண்டி ஏற்றும் பாரம் 750 கிலோ. 25 கிலோ தக்காளிக் கிரேட் 28 வைத்தால் சரியாகிவிடும். டீசல் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றிப் பழகிய கை இதில் அடங்கியிருக்க வேண்டும். பாரம் கூடினால் பாதி வழியில் சார்ஜ் தீரும்.

நீலகிரி விவசாயிகளுக்கு ஒரு அனுகூலம் உண்டு. மேட்டுப்பாளையத்துக்குக் காரட் ஏற்றி இறங்கும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கிப் பாட்டரிக்குத் திருப்பித் தரும். ஏறும்போது வண்டி காலி. ஆனால் மலையிலிருந்து புறப்படும் முன் பாட்டரியை முழுதும் நிரப்பக் கூடாது. நிரம்பிய பாட்டரி இறக்கத்தில் வரும் மின்சாரத்தை ஏற்காது.

கிணற்று மோட்டாரின் இலவச மின்சாரத்தில் சார்ஜ் செய்யும் எண்ணம் வேண்டவே வேண்டாம். அந்த இணைப்பு பாசனத்துக்கு மட்டுமே. வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அபராதம் வரும். வீட்டு இணைப்பிலும், இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதம் கூடிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

பெட்ரோலும் மின்சாரமும் கலந்து ஓடும் ஹைபிரிட் பிக்கப், சிறு விவசாயியின் கைக்கு எட்டும் விலையில் நம் சந்தையில் இல்லை. அதற்காகக் காத்திருப்பவர்கள் அதுவரை வாடகை வண்டியிலேயே சரக்கை அனுப்பலாம்.

கூட்டாக வாங்குவோர் இரவில் வண்டி யார் வீட்டில் நிற்கும், மின் கட்டணத்தை எப்படிப் பிரிப்பது, பாட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பவற்றை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சார்ஜ் போடும் இடத்தில் எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துவிட வேண்டும்.