கச்சானில் பூக்கும் நெல்

சிறுபோகம் என்றதும் மட்டக்களப்பில் நாம் பேசுவது குளத்து நீரைப் பற்றியே. உன்னிச்சையில் எத்தனை அடி, உறுகாமத்தில் எத்தனை அடி என்று கேட்கிறோம். பயிர் பூக்கும் வாரத்தில் வெப்பம் எத்தனை பாகை என்று கேட்பது அரிது.

வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர் விவசாயிகள் நன்கறிந்த காட்சி ஒன்றுண்டு. பயிர் செழித்து நிற்கும். கதிரும் நீண்டு வெளிவரும். தூற்றிப் பார்த்தால் பதரே மிகுதி. பூச்சி என்பர், உரம் என்பர். வெயிலும் காரணமாகலாம். நெற்பூ முற்பகலில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே விரிந்திருக்கும். அவ்வேளையில் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் செயலிழந்து, மணி பிடிப்பது குறைகிறது. சித்திரையில் விதைத்த மூன்றரை மாத நெல் பூப்பது ஆனியில், கச்சான் வீசும் நாட்களில்.

இரவும் பொருட்டே. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயற் பதிவுகளை ஆராய்ந்து 2004 இல் வெளியான ஆய்வின்படி, வரண்ட போகத்தில் இரவு வெப்பநிலை ஒரு பாகை உயர, விளைச்சல் 10 சதவீதம் வீழ்ந்தது.

எஞ்சும் மணியும் பழைய மணியன்று. பால் முற்றும் நாட்களில் வெப்பம் மிகுந்தால் மாப்பொருள் நெருங்கிப் படியாது. அரிசி சுண்ணாம்பாய் வெளுத்து, ஆலையில் குறுணலாக உடையும். புழுக்கினால் இக்குறை பெருமளவு மறையும், பச்சையரிசிக்கு அவ்வழியில்லை. ஜப்பானின் நீகாட்டாவில் 2023 கோடையின் பின், பெயர்பெற்ற கொசிஹிகாரி அரிசியில் முதற்தரம் பெற்றது சுமார் 5 சதவீதமே. நம்மவர் இத்தகைய இழப்பை வியாபாரி சொல்லும் விலையில்தான் அறிகின்றனர்.

ஆயினும் கச்சானை மட்டும் பழிப்பதில் நியாயமில்லை. வயலில் நீர் நின்றால், வரண்ட காற்றில் பயிர் நீராவி விட்டுத் தன் கதிரைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். நீரற்றபோதுதான் அதே காற்று பயிரைக் கருக்குகிறது. எனவே ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியுடன் பூக்கும் வாரமும் குறிக்கப்படல் வேண்டும். அவ்வாரத்திற்கான நீர் முன்கூட்டியே ஒதுக்கப்படல் வேண்டும். வாய்க்காலின் தலைப்பில் ஒரு சமூகத்தவரும் கடைக்கோடியில் மறு சமூகத்தவரும் வேளாண்மை செய்யுமிடத்தில், தண்ணீர் பிந்தினால் என்னென்ன சந்தேகங்கள் முளைக்கும் என்பதைத் தமிழரும் முஸ்லிம்களும் அறிவர். எழுதி வைத்த திகதி அதற்கு இடந்தராது.

வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோதே விவசாய பீடமும் அமைந்தது. பூக்கும் வாரத்தில் வயல்வெளி வெப்பத்தை அளந்து, அதனை அன்றன்றே விவசாய அமைப்புகளுக்கு அறிவிக்கும் பணியை அப்பீடம் ஏற்கலாம். பதருக்கு இழப்பீடு கோரும் விவசாயியின் கையில் அந்த அளவீடு இருத்தல் வேண்டும்.