இல்லமும் எழுத்தும்

பிழையற எழுதும் பழக்கத்தைப் பள்ளியே தரும் என்று பெற்றோர் பலர் இருந்துவிடுகின்றனர். அது பாதி உண்மையே. மற்றைப் பாதி இல்லத்தின் பொறுப்பாகும்.

காவிரிப் பாசன நாட்டுச் சிறுவன் ஒருவன், ‘அம்மா வயலில் கலை பறித்தாள்’ என்று எழுதினால் என் செய்வது? ‘களை’ என நூறு முறை எழுதச் செய்தால் கை நோகுமேயன்றிக் கருத்தில் பதியாது. வயலில் பறிப்பது களை. ஆடலும் பாடலும் கலை. மூங்கில் கழை எனப் பொருளோடு சேர்த்து, நாப்பிறழாமல் ஒலித்துக் காட்டினால் அவன் மறவான். ஆற்றங்கரையில் நிற்பது வாழை. ஆற்றுநீரில் நீந்துவது வாளை. பாடம் ஊரெங்கும் விரிந்து கிடக்கின்றது.

பொருளே எழுத்துக்குத் துணை என்பது சிறுவர்க்கு மட்டும் உரிய நெறியன்று. பழைய ஓலைச் சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நிற்கும். ‘எரி’யோ ‘ஏரி’யோ என்பதை இடமறிந்தே துணிதல் வேண்டும். காவிரி நாட்டில் 1855ஆம் ஆண்டில் பிறந்த உ. வே. சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்தபோது, அத்தகைய சுவடிகள் பலவற்றை ஒப்பிட்டுப் பொருளாராய்ந்தே 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்.

பெற்றோர் எழுத்தறியாதவராயின் என் செய்வது எனச் சிலர் வினவலாம். சொல்லின் பொருளை அவர்கள் கூறட்டும். எழுத்தை மூத்த பிள்ளை காட்டட்டும். நாளுக்கு ஐந்து சொற்கள் போதும். உயர்நிலைப் பள்ளியில் பயிலும் அண்ணனோ அக்காளோ உள்ள வீட்டில் ஆசிரியருக்குக் குறை ஏது?