கேபிளின் மூன்றாவது வழி

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹாம் வானொலியாளர் மீதான புகார் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் எழுகிறது. மொட்டை மாடியில் 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் ஆன்டெனா. அவர் பேசத் தொடங்கியதும் கீழ்வீட்டு ஒலிபெருக்கி கரகரக்கிறது. குடியிருப்போர் சங்கம் ஆன்டெனாவை இறக்கச் சொல்கிறது. அவரோ எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைக் காட்டித் தம் நிலையத்தில் குறையில்லை என்கிறார். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. அந்த மீட்டர் இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கருவி அன்று.

கோஆக்சியல் கேபிளில் கண்ணுக்குத் தெரியும் கடத்திகள் இரண்டு. உயர் அதிர்வெண்ணில் அவை மூன்றாகின்றன. 7 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் ஏறத்தாழ 0.025 மில்லிமீட்டர் ஆழத்திலேயே பெரிதும் அடங்கிவிடுவதால், பின்னலுறையின் உட்புறமும் வெளிப்புறமும் தனித்தனிக் கடத்திகளாகின்றன. நடுக்கம்பியிலும் உறையின் உட்புறத்திலும் ஓடும் மின்னோட்டங்கள் சமமாகவும் எதிரெதிராகவும் இருப்பதால் அவை வெளியே கதிர்வீசுவதில்லை. ஆனால் கேபிள் ஆன்டெனாவோடு இணையும் இடத்தில் மின்னோட்டத்தின் ஒரு பகுதி உறையின் வெளிப்புறத்தில் திரும்பி இறங்குகிறது. இதுவே பொதுப்பாங்கு மின்னோட்டம். அப்போது சுவரோரம் தொங்கும் கேபிளே ஆன்டெனாவின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. அண்டை வீட்டு மின்கம்பிகளுக்கு மிக அருகிலுள்ள உறுப்பும் அதுவே.

இவ்வழி இருபுறமும் திறந்தது. எல்.இ.டி. விளக்குகளும் மலிவான சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சல் இதே உறைமீது ஏறி, இணைப்பிடத்தில் நுழைந்து, ரிசீவரை வந்தடைகிறது. அதைத் தடுப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் உதவி மட்டுமன்று.

இங்கே பெயரும் குழப்புகிறது. 'பேலன்ஸ்டு', 'அன்பேலன்ஸ்டு' என்னும் ஆங்கிலச் சொற்களின் முதலசைகள் சேர்ந்ததே 'பலுன்'. மாற்றத்தைச் சொல்லும் அப்பெயர் தடுப்பைச் சொல்வதில்லை. மின்னழுத்தப் பலுன் இரு கைகளின் அழுத்தத்தைச் சமமாக்கும். மின்னோட்டத்தைச் சமமாக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே "பலுன் இருக்கிறதா?" என்பதைவிட, "பொதுப்பாங்கு மின்னோட்டத்திற்கு எத்தனை ஓம் தடுப்பு?" என்று கேட்பதே பொருத்தம்.

பொருத்தமான ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பல சுற்றுகள் சுற்றி, ஆன்டெனாவின் இணைப்பிடத்திலேயே வைக்கும் சோக் ஆயிரக்கணக்கான ஓம் தடுப்பைத் தரவல்லது. உள்ளே செல்லும் சைகையை அது தொடுவதில்லை. சுற்றுகள் இரட்டித்தால் தடுப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதால், கேபிளில் கவ்விய ஒற்றை மணி போதாது. காற்றுச் சுருளும் பயன்படும். ஆனால் குறுகிய அலைவரிசைக்கே. அதன் தூண்டல் தடுப்பைக் கேபிளின் கொண்மம் ஈடுசெய்துவிடவும் கூடும். ஃபெரைட்டின் மின்தடைத் தன்மை அவ்வாறு ஏமாற்றாது.

சோக் வைத்த பின்னும் ஒலிபெருக்கி கரகரத்தால், அதன் கம்பியிலும் ஒரு ஃபெரைட் தேவைப்படலாம். அதற்கு அவ்வீட்டுக் கதவைத் தட்டுபவர், தம் பக்கத்தை முதலில் சரிசெய்துவிட்டே செல்ல வேண்டும்.

2004 ஆழிப்பேரலையில் அந்தமானின் தொடர்புகள் அறுந்தபோது, போர்ட் பிளேரில் இருந்த ஹாம் நிலையமே செய்திகளைக் கரைசேர்த்தது. அத்தகைய நாளில் உதவ வேண்டிய ஆன்டெனா, அதுவரை அண்டை வீட்டாரின் இசைவோடு மாடியில் நிற்க வேண்டும். எனவே சோக்கை விருப்பப் பொருளாகக் கருதாமல் ஆன்டெனாவின் பகுதியாகவே கற்பிப்பது ஹாம் மன்றங்களின் கடமை.